சாம்பல் அட்டை

"இந்த மஞ்சள் எப்பலேர்ந்தும்மா இருக்கு?" என்று டாக்டர் கேட்டார். லேப்காரிக்குப் பதில் தெரியவில்லை. பதினெட்டு வருஷமாக நிறம் பார்த்துச் சோறு தின்கிறவள் அவள். கலர் லேப்பில் பிரிண்ட் போடும் மெஷின் அவள் பொறுப்பு. யார் முகத்தில் துளி பச்சை ஏறியிருந்தாலும், துளி சிவப்பு குறைந்திருந்தாலும், திரையைப் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவாள். இப்போது கேட்டதோ சொந்தப் புருஷன் முகத்தைப் பற்றி.

"ஒரு வாரமா இருக்கும் சார்" என்றாள் கடைசியில்.

கட்டிலில் சாய்ந்திருந்தவரின் கீழிமையை டாக்டர் மறுபடியும் இழுத்துப் பார்த்தார். "ஒரு வாரத்து மஞ்சள் இல்லம்மா இது" என்று சொல்லிவிட்டு அவளை வராந்தாவுக்கு வரச் சொன்னார். மூன்று நாளாக விடாத தூறல். வராந்தா முழுக்க ஈரக் குடைகளை விரித்து வைத்திருந்தார்கள். ஒரு குடையைக் காலால் ஒதுக்கிவிட்டு நின்று பேசினார்.

"பித்தக் குழாய்ல அடைப்பு இருக்கு. கல்லா, கட்டியான்னு ஸ்கேன் படத்துல தெளிவா தெரியல. கல்லுன்னா மஞ்சள் கொஞ்ச நாள் ஏறும், தானே எறங்கும், மறுபடி ஏறும். கட்டின்னா பெரும்பாலும் எறங்காது, ஏறிக்கிட்டேதான் போகும். அத மட்டும் வெச்சு நான் முடிவு பண்ணப் போறதில்ல. ஆனா கூட இருந்தவங்க சரியா சொன்னா அடுத்து என்ன செய்யணும்னு எனக்கு ஒரு வழி தெரியும். திங்கக்கிழம காலைல வரேன். அதுக்குள்ள நல்லா யோசிச்சு வைங்க."

கல் என்றால் எடுத்துவிடலாம். மற்றதைப் பற்றி அவர் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

நாத்தனார் பக்கத்திலேயே நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். புருஷனுக்கு மூத்தவள், தாய் போன பிறகு தம்பியை இடுப்பில் சுமந்து வளர்த்தவள். பேச்சில் காரம் கொஞ்சம் தூக்கலாகவே இருக்கும். டாக்டர் தலை மறைகிற வரைக்கும் பொறுத்தாள்.

"நான் மாசத்துக்கு ஒருக்கா வர்றவ. எனக்குத் தெரியலேன்னா அதுல ஒரு நியாயம் இருக்கு. நீ ஒரே வீட்டுல இருக்கிறவ. ஊரான் மூஞ்சியெல்லாம் கழுவித் தொடச்சுக் குடுக்குற கண்ணு, கட்டினவன் மூஞ்சிய மட்டும் பாக்கலையா?"

"தெரியல அண்ணி."

"தெரியலையா, பாக்கலையா?"

லேப்காரி குனிந்து ஈரக் குடை ஒன்றை மடக்கிச் சுவரோரம் சாத்தினாள். அவள் பார்க்காமல் இல்லை. பார்த்திருக்கிறாள், ஒரு தடவை இல்லை, பல தடவை.

அவள் புருஷன் காமிரா ரிப்பேர் செய்கிறவர். தெருவில் 'காமிரா டாக்டர்' என்றால்தான் தெரியும். லேப்பிலிருந்து நாலு கடை தள்ளி அவருடைய அறை. கையை நீட்டினால் இரண்டு பக்கச் சுவரும் தட்டுப்படும். வடக்குப் பார்த்த ஒற்றை ஜன்னல், அதற்கு எதிரே ஒரு நாற்காலி. ரிப்பேர் முடிந்த ஒவ்வொரு காமிராவிலும் ஒரு ரோல் போட்டு, முக்காலியில் நிறுத்தி, பத்து வினாடி கழித்துத் தானே அடிக்கிற விசையைத் தட்டிவிட்டு ஓடிப்போய் அந்த நாற்காலியில் உட்காருவார். நெஞ்சுக்கு நேரே ஒரு சாம்பல் நிற அட்டையைப் பிடித்துக்கொள்வார். அட்டையின் ஓரத்தில் காமிரா நம்பரும் தேதியும் எழுதிய துண்டுச் சீட்டு இருக்கும். வருகிறவர்கள் இதைப் பார்த்துவிட்டு, ஜெயிலில் பிடித்த படம் மாதிரி இருக்கிறதே என்று கேலி செய்வார்கள். அவர் சிரிக்க மாட்டார். தொழில் விஷயத்தில் அவருக்குச் சிரிப்பு வராது.

அட்டை எதற்கு என்றால், சாம்பல் எந்த நிறத்தோடும் கூட்டுச் சேராத நிறம். பிரிண்டிலும் அது வெறும் சாம்பலாக வந்துவிட்டால் படத்தில் மற்ற நிறங்களும் சரியாக இருக்கின்றன என்று அர்த்தம். கலர் நெகட்டிவை வெறுங்கண்ணால் பார்த்து இதைச் சொல்ல முடியாது. எல்லாம் ஒரு ஆரஞ்சுத் தோலுக்குள்ளே தலைகீழாகக் கிடக்கும். மெஷின்தான் அதைப் படித்து, திருப்பிப் போட்டு, திரையில் காட்டும். அதன் பிறகு அவள் பொத்தான்களைத் தட்டி நிறத்தைக் கூட்டிக் குறைத்து பிரிண்ட் எடுப்பாள். ஆக, கையில் வருகிற பிரிண்டில் பாதி பிலிம் சொன்னது, பாதி அவள் சொன்னது.

அவள் எப்போதும் முகத்தின் பக்கம்தான் பேசுவாள். லேப் வேலையே அப்படி. முகம் நன்றாக இருந்தால் சட்டை என்ன நிறம், சுவர் என்ன நிறம் என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள். முகத்தில் மஞ்சள் தட்டினால் படத்தை வாங்காமல் கவுண்டரிலேயே போட்டுவிட்டுப் போவார்கள். அதனால் முகத்தில் மஞ்சளைக் கண்டதும் அவள் கை தானாகப் போய் மஞ்சளை இரண்டு கட்டம் இறக்கிவிடும். மனசு வரைக்கும் அந்தச் சேதி போகவே போகாது.

போன நாலைந்து மாசமாகப் புருஷனும் பெண்டாட்டியும் இதை வைத்துத்தான் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"இந்த அட்ட ஏன் நீலமா இருக்கு?"

"ஜன்னல் வெளிச்சங்க. மூட்டமா இருந்தா நீலம் அடிக்கத்தான் செய்யும்."

"போன வருஷமும் இதே ஜன்னல்தான். அப்ப அடிக்கலையே."

"அப்ப வெயில் இருந்துது."

"வடக்கு ஜன்னல்ல ஏது வெயிலு? ஒன் மெஷினப் பாரு, அழுக்கு புடிச்சிருக்கும்."

"என் மெஷினுக்கு ஒரு கோளாறும் இல்ல. உங்க காமிராவப் பாருங்க. லென்ஸுல எதுனா பூத்திருக்கும்."

அவர் ரோஷக்காரர். அப்படி இரண்டு காமிராக்களைத் திரும்பவும் பிரித்து, லென்ஸைத் துடைத்து, மறுபடி மாட்டினார். அடுத்த ரோலிலும் அட்டை நீலமாகத்தான் வந்தது. அட்டை நீலமாகாமல் என்ன செய்யும்? முகத்திலிருந்து அவள் மஞ்சளைப் பிடுங்கினால் படம் முழுவதிலிருந்தும்தான் அது போகும். சாம்பலில் இருந்து மஞ்சளை எடுத்தால் மிச்சம் நீலம். ஆஸ்பத்திரி வராந்தாவில், நாத்தனாரின் பேச்சைக் கேட்டுக்கொண்டு நின்ற அந்த நேரத்தில்தான் இது அவளுக்கு உறைத்தது. புருஷனின் நோயைத் தன் விரலாலேயே துடைத்துத் துடைத்து அவரிடமே கொடுத்திருக்கிறாள். வீட்டிலோ குண்டு பல்பு. அந்த வெளிச்சத்தில் சுவரும் மஞ்சள், சோறும் மஞ்சள், ஆளும் மஞ்சள். விடிவதற்குள் ரெண்டு பேரும் வேலைக்குக் கிளம்பி, இருட்டிய பிறகு திரும்புகிறவர்கள்.

சனிக்கிழமை மத்தியானம் வாடிக்கைக்காரர்களின் ரோல்களை முடித்துவிட்டு, அவருடைய அறையைத் திறந்து நெகட்டிவ் பைலை எடுத்து வந்தாள். ஐந்து மாசத்தில் பதினாலு காமிரா. எல்லாம் ஒரே பெட்டியில் வாங்கிய ஒரே வகை பிலிம், ஒரே நாற்காலி, ஒரே ஜன்னல். ஆளையும் தேதியையும் சேர்த்தே படம்பிடித்து வைத்திருக்கிறார். மஞ்சள் எப்போது வந்தது, எப்படி ஏறியது என்பது எல்லாம் இந்த ஆரஞ்சுத் துண்டுகளுக்குள்ளே இருக்கிறது.

இந்தத் தடவை தன் கையை நம்பக் கூடாது என்று முடிவு செய்தாள். ஒரு பொத்தானையும் தொடவில்லை. பதினாலு நெகட்டிவையும் வரிசையாக ஸ்கேன் செய்து, மெஷின் காட்டியது காட்டியபடி சின்ன அளவில் பிரிண்ட் போட்டாள். மேஜையில் தேதிப்படி பரப்பி வைத்துவிட்டுத்தான் பார்த்தாள். முதல் இரண்டு படத்தில் முகம் தெளிவு. மூன்றாவதில் மஞ்சள். நாலிலும் ஐந்திலும் இறங்கிவிட்டது. ஆறில் மறுபடி ஏறியது. ஒன்பதில் அப்படியே வடிந்துபோயிருந்தது. பதின்மூன்றில்கூட முகம் தெளிவாகத்தான் இருந்தது.

ஏறுகிறது, இறங்குகிறது. லேப்காரி உட்கார்ந்த ஸ்டூலிலேயே முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். அத்தனை நாளில் அவள் அழுத ஒரே சந்தோஷ அழுகை அதுதான்.

ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். நாத்தனார் தம்பிக்குப் பாலில் ரொட்டியைப் பிய்த்துப் போட்டு ஊட்டிக்கொண்டிருந்தாள். அவர் இரண்டு வாய் வாங்கிவிட்டு மூன்றாவதுக்கு உதட்டை இறுக்கிக்கொண்டார்.

"இன்னும் ஒரு வாய்டா."

"வேணாங்கா. உள்ள போகமாட்டேங்குது."

"சின்ன வயசுல தட்டையே தின்னுடுவ. இப்ப பூன கணக்கா மோந்து பாக்குற."

லேப்காரி நாத்தனாரை வெளியே அழைத்துச் சொன்னாள். "அண்ணி, பழைய படமெல்லாம் போட்டுப் பாத்தேன். ஏறி எறங்கித்தான் இருக்கு. ரெண்டு மூணு தடவ எறங்கியிருக்கு."

"அப்படின்னா?"

"கல்லாத்தான் இருக்கும்."

நாத்தனார் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "நேத்து உன்ன வாய்க்கு வந்தபடி பேசிட்டேன், மனசுல வெச்சுக்காத" என்றாள். மிச்சமிருந்த ரொட்டியை அவள் கையில் திணித்து, "நீ காலைலேர்ந்து தின்னிருக்க மாட்ட, தின்னு" என்றாள். லேப்காரி தின்றாள். பல நாளுக்குப் பிறகு ருசி தெரிந்து தின்றது அன்றைக்குத்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மாற்றுத்துணி எடுத்துப்போக வீட்டில் அலமாரியைத் திறந்தாள். வேலைக்குப் போட்டுக்கொள்ள அவருக்கு இரண்டே உருப்படி. ஒன்று நீலச் சட்டை. குளிரெடுத்தால் அதற்கு மேல் கழுத்து வரை மூடிய பழுப்பு ஸ்வெட்டர். இரண்டையும் மடித்து ஒன்றின் மேல் ஒன்றாக வைத்தவள், ஸ்வெட்டரின் மேல் கை வைத்தபடியே நின்றுவிட்டாள்.

கவரில் இருந்த படங்களைக் கட்டிலில் கொட்டினாள். மூன்றாவது படம், நீலச் சட்டை. முகம் மஞ்சள். நாலு, ஐந்து, ஸ்வெட்டர். முகம் தெளிவு. ஆறு, நீலச் சட்டை. ஒன்பது, ஸ்வெட்டர். பதின்மூன்று, ஸ்வெட்டர். நீலச் சட்டை போட்டவற்றில் அட்டையும் மஞ்சளாக இருந்தது. ஸ்வெட்டர் போட்டவற்றில் அட்டை நீலமாக இருந்தது.

அவள் கையை எடுத்துவிட்டாள், சரி. மெஷினுக்கும் ஒரு கை இருக்கிறதே. படத்தில் நீலம் நிறைய இருந்தால், ஏதோ தப்பு நடந்துவிட்டது என்று அதுவாகவே நினைத்துக்கொண்டு மஞ்சளைக் கூட்டும். பழுப்பு நிறைய இருந்தால் மஞ்சளைக் குறைக்கும். லேப்பில் சேர்ந்த முதல் மாசத்திலேயே அவள் தெரிந்துகொண்ட சங்கதி இது. நல்ல சேதி வேண்டியிருந்தவளுக்கு அது ஞாபகத்துக்கு வரவில்லை. ஏறி இறங்கியது நோய் இல்லை, அவர் மாற்றி மாற்றிப் போட்ட சட்டை.

அப்படியே விட்டுவிடலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தாள். டாக்டரிடம் ஏறி இறங்கியது என்று சொல்லிவிட்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை. இல்லாத கல்லைத் தேடி அவர்கள் நாளைக் கடத்துவார்கள், அவ்வளவுதான். அந்த நாள் யாருடைய நாள் என்று நினைத்ததும் படங்களைக் கவரில் அள்ளிப் போட்டாள்.

லேப் ஞாயிற்றுக்கிழமை பூட்டு. சாவி அவளிடமும் ஒன்று உண்டு. போகிற வழியில் புருஷனின் அறையில் நுழைந்து, நாற்காலிக்குப் பின்னால் சாத்தியிருந்த அட்டையை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். தூறல் நின்றபாடில்லை. மெஷினைப் போட்டுச் சூடேறவிட்டு, கெமிக்கல் சரியாக இருக்கிறதா என்று சோதனைத் துண்டு ஒன்றை ஓட்டிப் பார்த்தாள். மெஷின் தானாக நிறம் திருத்துகிற வேலையை நிறுத்தினாள். பிறகு ஒரு வெள்ளைக் காகிதத்தைத் துண்டாகக் கிழித்து, திரையில் அவர் முகம் வருகிற இடத்தில் பசைத்தாளால் ஒட்டினாள். நாற்காலியும் முக்காலியும் இடம் மாறாததால் பதினாலு படத்திலும் முகம் ஏறக்குறைய அங்கேதான் வரும். முகத்தைப் பார்த்தால் கை உதவிக்குப் போய்விடும் என்று அவளுக்குத் தெரியும்.

முகம் இல்லாத புருஷன் திரையில் உட்கார்ந்திருந்தார். அவள் அட்டையை மட்டும் பார்த்தாள். ஒரு பிரிண்ட் எடுப்பாள். ஜன்னலருகே கொண்டுபோய் நிஜ அட்டையின் பக்கத்தில் வைத்து, கண்ணைச் சுருக்கிப் பார்ப்பாள். அப்போதும் முகத்தைப் பெருவிரலால் மூடிக்கொள்வாள். அட்டை துளி நீலமாக இருந்தால் திருத்தி இன்னொன்று எடுப்பாள். ஒரு படத்துக்கு மூன்று நாலு பிரிண்ட் ஆயிற்று. இடையில் பிளாஸ்க்கிலிருந்த டீயை ஊற்றி வைத்து, அது ஆறி ஆடை கட்டிப்போனதையும் கவனிக்கவில்லை. சாயங்காலம் ஆவதற்குள் பதினாலு அட்டையும் நிஜ அட்டையோடு கலந்து, எது எது என்று தெரியாமல் போயிற்று.

அதற்குப் பிறகுதான் விரலை எடுத்தாள்.

முதல் படத்தில் அவர் அவள் கல்யாணம் செய்துகொண்ட ஆள். இரண்டாவதில் ஒன்றும் தெரியவில்லை. மூன்றாவதில் கண்ணோரத்தில் லேசாக. நாலாவதில் அதைவிடக் கொஞ்சம். பிறகு ஒவ்வொன்றிலும் முந்தியதைவிட ஒரு சாயல் கூட. எங்கேயும் நிற்கவில்லை, எங்கேயும் திரும்பவில்லை. பதினாலாவதில் அவர் அட்டையைப் பிடித்திருந்த விரல் நகம்கூட மஞ்சள். அந்தப் படத்தை அவள் போட்டுக் கொடுத்தபோதும் அவர் அவளோடு நீலத்துக்காகச் சண்டை போட்டிருந்தார். அவளும் விட்டுக்கொடுக்காமல் போட்டிருந்தாள்.

திங்கட்கிழமை காலையில் அவள் ஆஸ்பத்திரிக்குப் போனபோது பையில் இரண்டு கவர் இருந்தது. சனிக்கிழமை போட்ட படங்கள் இருந்த பழைய கவரை ஏன் எடுத்து வந்தாள் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. நாத்தனார் டீ வாங்கக் கீழே போயிருந்தாள். அவர் எழுந்து உட்கார்ந்திருந்தார்.

"அக்கா ராத்திரியெல்லாம் சொல்லிட்டே இருந்தா. கல்லுன்னு நீ கண்டுபுடிச்சிட்டியாமே."

அவர் கையை நீட்டினார். இரண்டு கவரையும் கொடுத்தாள்.

சட்டைப் பையில் எப்போதும் இருக்கும் குட்டி உருப்பெருக்கியை எடுத்து அவர் கண்ணில் வைத்துக்கொண்டார். முதல் கவரில் இரண்டு படம் பார்த்ததும் கீழே வைத்துவிட்டார். "இதுல யாரு கைய வெச்சது?"

"மெஷினு."

"அதுல?"

"யாரும் வெக்கல. அட்டைய மட்டும் பாத்துப் போட்டேன்."

இரண்டாவது கவரைப் பிரித்துப் போர்வையின் மேல் தேதிப்படி வரிசையாக வைத்தார். ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தார். முகத்தை அல்ல, அட்டையை. பதினாலையும் பார்த்து முடிக்க வெகு நேரம் ஆயிற்று.

"பதினாலுலயும் அட்ட அட்டையாவே இருக்கு" என்றார். "இப்பத்தான் நீ ஒழுங்கா பிரிண்ட் போட்டிருக்க."

பிறகு உருப்பெருக்கியை எடுத்துவிட்டு, சும்மா கண்ணால், முதல் படத்திலிருந்து கடைசி வரை முகங்களைப் பார்த்துக்கொண்டே போனார். கடைசிப் படத்தின் பக்கத்தில் தன் புறங்கையை வைத்துப் பார்த்தார்.

"எங்கயும் எறங்கல."

"இல்லைங்க."

"அப்ப பதினாலு காமிராவும் சரியாத்தான் இருந்திருக்கு. ரெண்ட வீணா திரும்பப் பிரிச்சேன்."

அவளுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "நான்தாங்க எடுத்தேன். ஒவ்வொரு தடவையும் மஞ்சள நான்தான் எறக்கினேன். அப்பவே விட்டிருந்தா..."

"நானும்தான் அஞ்சு மாசமா பாத்தேன். அட்டைய மட்டும் பாத்தேன்" என்றார் அவர்.

வராந்தாவில் நாத்தனாரின் செருப்புச் சத்தம் கேட்டது. அவர் அவசரமில்லாமல் படங்களை வரிசை கலையாமல் எடுத்து, கவரில் போட்டு, அவளிடம் நீட்டினார்.

"இது டாக்டருக்கு." மற்ற கவரைக் காட்டி, "அது அக்காவுக்கு" என்றார்.

"அண்ணிக்கும் தெரிஞ்சுதானே ஆகணும்?"

"ஆகட்டும். இன்னிக்கு வேணாம்."

நாத்தனார் டீயைக் கீழே வைத்துவிட்டு, கேட்காமலே கவரை எடுத்துக்கொண்டாள். ஜன்னலருகே போய் ஒவ்வொரு படமாகப் பார்த்தாள். ஸ்வெட்டர் போட்ட படம் ஒன்று வந்ததும் நிறுத்திக்கொண்டாள். பதின்மூன்றாவது படம் அது.

"இதப் பாரு. எவ்வளவு தெளிவா இருக்கான். இத நான் வெச்சுக்கிறேன், வீட்டுல மாட்டணும்." முந்தானையால் படத்தைத் துடைத்தாள். பிறகு தூரப் பிடித்துப் பார்த்துவிட்டு, லேப்காரி பக்கம் திரும்பினாள். "ஏம்மா, கையில வெச்சிருக்கிற இந்த அட்ட மட்டும் ஏன் இப்படி நீலமா இருக்கு?"

டாக்டர் படியேறி வருகிற பேச்சுக்குரல் கேட்டது. லேப்காரி தன் கவரை எடுத்துக்கொண்டு எழுந்தாள். புருஷன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஜன்னல் வெளிச்சம், அண்ணி" என்றாள்.